சர்வர்ல எஃப்எஃப்எம்பெக் போட்டும் வீடியோ மாற மாட்டேங்குது

வேளச்சேரிவாசி: உபுண்டு சர்வர்ல எஃப்எஃப்எம்பெக் (வீடியோ ஃபார்மேட் மாத்துற டூல்) போட்டாச்சு, டெர்மினல்ல நான் ஓட்டினா எம்பி4 நல்லா வருது, ஆனா சைட்ல யாராவது அப்லோட் பண்ணா சைட்ட ஓட்டுற பிஹெச்பி கோட் வழியா ஒண்ணுமே நடக்கல, எரர் கூட காட்டல. அம்மாவோட பாட்டு கிளாஸ் வீடியோங்க, மார்கழிக்குள்ள ஏத்தணும், யாராவது சொல்லுங்க ப்ளீஸ்

பெரம்பூர்_லினக்ஸ்: டெர்மினல்ல ஓடுறது உங்க யூசர், பிஹெச்பி ஓடுறது டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாங்கிற வெப் சர்வர் யூசர்ங்க, அவுட்புட் ஃபோல்டர்ல அதுக்கு எழுத பர்மிஷன் இருக்கானு பாருங்க. பிஹெச்பி செட்டிங்ல வெளி கமாண்ட ஓட்டுற எக்ஸெக் ஃபங்ஷன பிளாக் பண்ணிருந்தாலும் ஓடாது. கமாண்டோட கடைசில 2>&1 சேருங்க, எரர் கைக்கு வந்துடும்

அடையார்_தம்பி: அப்படியே எஃப்எஃப்எம்பெக் கமாண்ட்ல மூவ்ஃப்ளாக்ஸ்னு இருக்குற ஆப்ஷன்ல ஃபாஸ்ட்ஸ்டார்ட்டும் போட்டுடுங்கண்ணா, இல்லன்னா வீடியோவோட இன்டெக்ஸ் (எது எங்க இருக்குன்னு சொல்ற பகுதி) ஃபைலோட கடைசில போய் உக்காந்துக்கும், போன்ல ப்ளே ஆக ஆரம்பிக்கவே லேட்டாகும்

வேளச்சேரிவாசி: பெர்மிஷன் டினைட்னு வந்துச்சு! ஃபோல்டர் ஓனர மாத்தினேன், முதல் வீடியோ ஏறிடுச்சு, ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும்