பனியைக் கண்டால் வீட்டுக்குள் வர மறுக்கும் நாய்

முற்றத்துவாசி (ரொறன்ரோ) கேட்டது:
வணக்கம். எங்கள் வீட்டு எட்டு மாத லப்ரடோர் நாய்க்கு (பெயர் மணி) இது முதலாவது குளிர்காலம். சென்ற வாரம் இரவு முழுவதும் பனி கொட்டியிருந்தது. விடிந்ததும் பின்கதவைத் திறந்தபோது படியில் நின்று ஒரு முன்காலை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தவன், திடீரென்று பாய்ந்து, முற்றத்தை ஏழெட்டுத் தடவை சுற்றிவிட்டு, மூக்கைப் பனிக்குள் புதைத்து ஏர் பூட்டியவன்போல் உழுதுகொண்டே போனான். நான் எறிந்த பனி உருண்டையை வாயால் பிடித்ததும் அது நொறுங்கிக் காணாமற்போகவே, திரும்பி வந்து என் கைகளை மோந்து மோந்து தேடினான். அன்றிலிருந்து கூப்பிட்டால் உள்ளே வருவதில்லை. வெளியே வெப்பநிலை மறை 12 பாகை. "வாயில்லாச் சீவனைக் குளிரில் விட்டுவிட்டுச் சிரிக்கிறாயே" என்று அம்மம்மா என்னைக் கடிந்துகொள்கிறார். இவனுக்குக் குளிர்வதே இல்லையா? எவ்வளவு நேரம் விளையாட விடலாம்?

பழைய நாய்க்காரன்:
அம்மம்மாவிடம் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். பெயர் லப்ரடோர் என்ற இடத்தினுடையது என்றாலும், இந்த இனத்தின் மூதாதையர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவு மீனவர்களோடு குளிர்ந்த கடலில் திரிந்த நாய்கள். வெளிமயிருக்கு அடியில் அடர்ந்த உள்மயிர் இருப்பதால் ஈரம் எளிதில் தோலைத் தொடுவதில்லை. பாதங்களின் அமைப்பு அதைவிட வியப்பானது. கீழே இறங்கும் சூடான இரத்தம், குளிர்ந்து மேலேறும் இரத்தத்துக்கு அருகிலேயே ஓடித் தன் வெப்பத்தைக் கொடுத்துவிடுவதால், பாதம் பனியில் நின்றாலும் உடல் குளிர்வதில்லை. இதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011இல் விளக்கியிருக்கிறார்கள்.

மோப்பக்காரி:
உடலமைப்பு சரி, ஆனால் குதூகலத்துக்கு அதுவே காரணமாகாது. நேற்றுவரை மூலை முடுக்கெல்லாம் மணத்தால் அறிந்திருந்த முற்றத்தை ஒரே இரவில் யாரோ மூடிவிட்டார்கள்; எலியும் அணிலும் போன தடம் அடியில் எங்கேயோ கிடக்கிறது; அதைத் தோண்டி எடுக்கும் வேலைதான் அந்த உழவு என்று எனக்குத் தோன்றுகிறது. விழுந்தால் வலிக்காத, கடித்தால் கரைகிற தரை வேறெப்போது கிடைக்கும்?

குளிர்தேசத்தவள் (வினிப்பெக்):
முதலாவது பதிலோடு எனக்கு முழு உடன்பாடில்லை. விளையாட்டு வேகத்தில் நாய் தன் குளிரையே மறந்துவிடும். ஆகவே கடிகாரத்தைப் பார்க்காமல் காலைப் பாருங்கள். ஒரு பாதத்தைத் தூக்கிக்கொண்டு நொண்டினாலோ, உடல் நடுங்கினாலோ, அவன் எவ்வளவு அடம்பிடித்தாலும் தூக்கிக்கொண்டு உள்ளே வாருங்கள். விரலிடுக்கு மயிரில் பனி உறைந்து கல்லாகி அழுத்தும். அந்த மயிரைக் கத்தரித்துவிட்டால் தொல்லை குறையும். நடைபாதையில் தூவும் உப்பு பாதத்தை எரிக்கும், நக்கினால் வாந்தியும் வரும். எனவே தெருவில் நடந்து வந்தால் வெதுவெதுப்பான நீரில் கால் கழுவித் துடைக்க வேண்டும். வாகனங்களிலிருந்து ஒழுகும் உறைதடுப்புத் திரவம் இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கிவிடும். சிறிதளவே உயிரைப் பறித்துவிடும். பாதவுறை அணிவிப்பதை ஆடம்பரம் என்று எண்ண வேண்டாம். அலாஸ்காவில் 1973 முதல் நடைபெறும் இடிடராட் என்ற, நாய்கள் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டிப் பந்தயத்தில்கூட, ஒவ்வொரு நாய்க்கும் எட்டுப் பாதவுறைகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

முற்றத்துவாசி:
அனைவருக்கும் நன்றி. நேற்று கவனித்தபோது, அரைமணி நேரத்துக்குள் பின்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நின்றான். விரித்துப் பார்த்தால் விரலிடுக்கில் கடலை அளவு பனிக்கட்டி. இப்போது துவாயோடு கதவருகே காத்திருப்பது அம்மம்மாவின் பொறுப்பு. பாதவுறைகளும் வாங்கினேன். மாட்டியதும் நான்கு கால்களையும் மாறி மாறி உதறிவிட்டு, நடக்கவே மறந்தவன்போல் சிலையாக நின்றான். பிறகு பாய்ந்த பாய்ச்சலில் ஒன்று முற்றத்துப் பனிக்குள் எங்கேயோ தொலைந்துவிட்டது. இனி அது சித்திரையில்தான் கிடைக்கும் போலிருக்கிறது.