பழைய ஏஆர் பெட்டிக்கு மைக் செட் ஸ்பீக்கரா? 8 இஞ்ச்னா 8 இஞ்ச்தானா?

திருநகர்_ரெக்கார்டு
நேத்து ராத்திரி இந்த ஃபோரத்துல இன்னொரு திரியில கோன்கட்டி அண்ணன் எழுதினதை வாசிச்சதுல இருந்து தூக்கம் வரல. "ஃபாரின் பெட்டியில வூஃபர், அதான் அடிச்சத்தம் கொடுக்குற ஸ்பீக்கர், போச்சுன்னா எதுக்கு ஒப்பாரி? மைக் செட்டுக்குப் போடுற 8 இஞ்ச் ஸ்பீக்கரை வாங்கி மாட்டு, 8 இஞ்ச்னா 8 இஞ்ச்தான்"னு சொல்லியிருக்கார். அதுக்குக் கீழ பன்னெண்டு பேர் "அருமை அண்ணே" வேற. அந்தப் பன்னெண்டு பேரும் இங்க வாங்க.

என் பெட்டி ஏஆர்-18, அமெரிக்காவோட அக்கூஸ்டிக் ரிசர்ச் கம்பெனி ஸ்பீக்கர் பெட்டி. பெரியப்பா சிங்கப்பூர்ல இருந்து கப்பல்ல கொண்டு வந்தது. வூஃபர் ஓரத்து ஃபோம் வளையம் மொத்தமா உதிர்ந்துபோச்சு, தொட்டா கையில கருப்பா பிசுபிசுன்னு ஒட்டுது. காத்தைத் தள்ற கோன், அதை ஆட்டுற கம்பிச் சுருள் காயில் ரெண்டும் நல்லா இருக்கு. இது மூடின பெட்டி. ஏஆர் கம்பெனியை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான எட்கர் வில்ச்சூர் 1954ல ஏஆர்-1ல கொண்டுவந்த வித்தை இது. கோனை இழுத்துப் பிடிக்கிற ஸ்பிரிங் வேலையை பெட்டிக்குள்ள அடைபட்ட காத்து பாத்துக்கும், அதனால வூஃபரைத் தொளதொளன்னு செஞ்சிருப்பாங்க. மைக் செட் ஸ்பீக்கரோ வரட்டி மாதிரி விறைச்சுக்கிட்டு நிக்கும். அதை இதுக்குள்ள மாட்டினா அடிச்சத்தம் எங்கிருந்து வரும்?

கோன்கட்டி_செல்லூர்
தம்பி, 1954ல வெள்ளைக்காரன் என்ன செஞ்சான்னு எனக்குத் தெரியாது. 1986ல இருந்து நான் என்ன செய்றேன்னு செல்லூர்ல கேளு. சித்திரைத் திருவிழாவுக்கு மண்டகப்படி மண்டகப்படியாப் பெட்டி இறக்குனவன் நான். 8 இஞ்ச் ஓட்டையில 8 இஞ்ச் ஸ்பீக்கர் உக்காரும். உக்காந்தா பாடும். அம்புட்டுத்தான்.

திருநகர்_ரெக்கார்டு
ஓட்டை 8 இல்லண்ணே. அளந்துட்டேன், ஏழேகால்.

கோன்கட்டி_செல்லூர்
அப்படிச் சொல்லு! ஏழேகால் இஞ்ச் ஸ்பீக்கரை வச்சுக்கிட்டு 8 இஞ்ச்னு ஊரை ஏமாத்துறான் உங்க அமெரிக்காக்காரன். அப்புறம் எங்கள வந்து குறை சொல்றது. 8 இஞ்ச்னா 8 இஞ்ச் இருக்கணும்.

ரிச்சிதெரு_ரவுண்டு
சென்னையில இருந்து ஒரு வார்த்தை. ரெண்டு பேரும் வேற வேற இடத்துல ஸ்கேலை வைக்கிறீங்க. 8 இஞ்ச்ங்கிறது ஸ்பீக்கரைத் தாங்குற சட்டத்தோட வெளி விளிம்பு. மரத்துல வெட்டுற ஓட்டை எப்பவும் அதை விடச் சின்னதாத்தான் இருக்கும், இல்லன்னா திருகாணி எங்க பிடிக்கும்? நிஜமா காத்தைத் தள்ற பரப்பை அளந்தா ஆறரை இஞ்ச் சுமாருக்குத்தான் வரும்.

அளவு பொருந்துறது முதல் படி மட்டும்தான். ஆஸ்திரேலியாவுல நெவில் தீல் 1961ல எழுதின கட்டுரையும், அதுக்கப்புறம் சிட்னியில ரிச்சர்ட் ஸ்மால் செஞ்ச வேலையும் சொல்றது இதைத்தான்: எஃப்எஸ் (ஸ்பீக்கர் தானா அதிர்ற வேகம்), க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும்ங்கிறது), விஏஎஸ் (கோனோட தொளதொளப்புக்குச் சமமான காத்தோட அளவு) மூணும் பெட்டியோட கொள்ளளவுக்கு ஒத்து வரணும். அடுத்தது சத்தத்திறன், அதாவது ஒரே அளவு வாட்ஸுக்கு எவ்வளவு சத்தம் வருதுங்கிறது. மைக் செட் ஸ்பீக்கர் 95 டெசிபெல் கொடுக்கும், வீட்டுப் பெட்டி 86, 87. ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் ரெண்டு மடங்கு வாட்ஸ்னு கணக்குப் போட்டா கிட்டத்தட்ட எட்டு மடங்கு வித்தியாசம். புது வூஃபர் தொண்டை கிழியக் கத்தும், பக்கத்துல பாவம் கீச்சுச் சத்தம் பாடுற அந்த ட்வீட்டர் ஊமையா உக்காந்திருக்கும்.

கோன்கட்டி_செல்லூர்
ஆறரையா? இப்ப ஆறரை ஆயிருச்சா? ஒருத்தன் ஏழேகால்ங்கிறான், ஒருத்தன் ஆறரைங்கிறான். ரெண்டையும் கூட்டி ஏழரை ஆக்கி என் தலையில ஏத்திராதீங்க. எனக்கு ஏழரை முடிஞ்சு ரெண்டு வருஷமாச்சு.

ரிச்சி தெருவுல இருந்து பாடம் எடுக்குற தம்பிக்கு: 2019ல நீங்க பார்சல்ல அனுப்புன ஆம்ப்ளிஃபயர்ல டிரான்ஸ்ஃபார்மர் கருகி நாறினதை நான் இன்னும் மறக்கல. டெசிபெல் கணக்கை அன்னைக்குப் போட்டிருக்கலாம்.

ரிச்சிதெரு_ரவுண்டு
அந்த ஆம்ப்ளிஃபயர் 8 ஓம்ஸுக்குனு பெட்டி மேலயே எழுதி அனுப்பினேன். நீங்க நாலு 8 ஓம்ஸ் ஸ்பீக்கரை ஒண்ணு மேல ஒண்ணு பேரலல்ல கோத்து 2 ஓம்ஸ் ஆக்கினீங்க. அது இழுத்த கரண்டு தாங்காம கோயில் கொடை அன்னைக்கு ராத்திரி கருகிச்சு. அதைச் சொல்லவே இல்லையே?

கோன்கட்டி_செல்லூர்
கொடையில ஜனம் கேக்க வேணாமா? விஷயத்துக்கு வா. 8 இஞ்ச்னா 8 இஞ்ச்.

அல்நிகோ_அடியேன்
பேச்சே தப்பு. ஸ்பீக்கர் காந்தம் பழைய அல்நிகோ உலோகமா, பின்னால வந்த ஃபெரைட்டான்னு யாரும் கேக்கலையே? ஃபெரைட் வந்த அன்னைக்கே சங்கீதம் செத்துப்போச்சு. எங்க தாத்தா வால்வு ரேடியோவுல கேட்ட நாதஸ்வரம் மாதிரி இந்த ஜென்மத்துல கேக்க முடியாது.

ரிச்சிதெரு_ரவுண்டு
ஏஆர்-18ல இருக்கிறதே ஃபெரைட் ஐயா. 1978ல ஜயர் நாட்டுல (இப்ப காங்கோ) கலவரம் வந்து கோபால்ட் விலை எகிறிச்சு, அல்நிகோவுல கோபால்ட் உண்டு, அதான் கம்பெனிகள் அவசரமா ஃபெரைட்டுக்குத் தாவினாங்க. காதை வச்சு யாரும் முடிவு பண்ணல, கல்லாவை வச்சுப் பண்ணாங்க.

அல்நிகோ_அடியேன்
அதைத்தானே நானும் சொல்றேன். காதை வச்சு முடிவு பண்ணல.

திருநகர்_ரெக்கார்டு
ஐயா, காந்தத்துக்குத் தனித் திரி போட்டுக்குங்க. கோன்கட்டி அண்ணே, ஒரே கேள்வி. காயில் ஓடுது, கோன் கிழியல. ஃபோம் வளையத்தை மட்டும் மாத்தினா போதாதா? எதுக்கு ஸ்பீக்கரையே மாத்தணும்? போன மாசம் டவுன்ல ஒரு கடையில ஒண்ணைக் கொடுத்தேன். ஃபோமுக்குப் பதிலா கெட்டித் துணியை ஒட்டி, மேல கருப்புப் பசையைத் தடவிக் கொடுத்தாங்க. கோன் இப்ப மசியவே மாட்டேங்குது. இன்னொண்ணையும் அப்படிக் கெடுக்க எனக்கு மனசில்ல.

கோன்கட்டி_செல்லூர்
ரிங் ஒட்ட எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? கேட்டுக்க. பழைய ஃபோமைச் சொரண்டி எடுத்து, விளிம்புல பசை ஒரு துளி இல்லாம சுத்தம் பண்ணணும். இதுல சோம்பேறித்தனம் பட்டா மேல செய்யுற வேலை அத்தனையும் வீண். நடுவுல இருக்கிற தொப்பியை பிளேடால சுத்தி வெட்டித் தனியா வை. இப்பக் காயில் தெரியும். பழைய எக்ஸ்ரே ஃபிலிமைக் குச்சி குச்சியா வெட்டி, காயிலுக்கும் நடு இரும்புக்கும் நடுவுல நாலு பக்கமும் சொருகு. கோன் இப்ப அசையாம மையத்துல நிக்கும். முதல்ல ரிங்கைக் கோன்ல ஒட்டு, காய விடு. அப்புறம் சட்டத்துல. ராத்திரி முழுக்கக் கவுத்து வை. காலையில ஃபிலிமை உருவிட்டு ரெண்டு கட்டை விரலாலயும் கோனை சமமா அமுக்கிப் பாரு. உரசுற சத்தம் வந்தா நீ தோத்த, திரும்ப முதல்ல இருந்து. வரலன்னா தொப்பியை ஒட்டு. ஒண்ணரை வோல்ட் பேட்டரி பிளஸ்ஸைச் சிவப்புப் புள்ளியில வச்சா கோன் வெளிய துள்ளணும். இதை ஆயிரம் தடவை செஞ்ச கை இது.

உன் துணியை ஒட்டினவனுக்கு இது எதுவும் தெரியாது. அவன் யாருன்னு எனக்குத் தெரியும், பேர் சொல்ல மாட்டேன்.

ஆனா எதுக்குங்கிறேன். நம்ம ஊரு வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் ஃபோம் பத்து, பதினஞ்சு வருஷத்துல திரும்பவும் உதிரும். மைக் செட் ஸ்பீக்கர்ல ஓரம் துணி மடிப்பு, உன் பேரன் காலம் வரைக்கும் நிக்கும். அதுல 8 இஞ்ச்னு போட்டிருக்கும், அளந்தாலும் 8 இருக்கும்.

திருநகர்_ரெக்கார்டு
அளந்தா 8 இருக்கிறது வெளிச் சட்டம்ணே! என்னோடதும் வெளிச் சட்டத்துல 8 இருக்கு!

கோன்கட்டி_செல்லூர்
மாலையில ஏழேகால்னே. இப்ப 8ங்கிற. பொழுது சாய ஸ்பீக்கர் வளருதா?

உசிலம்பட்டி_ஊசி
அண்ணன்களுக்கு வணக்கம். எங்கிட்ட 10 இஞ்ச் பெட்டி ரெண்டு இருக்கு, உள்ள ஃபிலிப்ஸ் ஸ்பீக்கர், ஒண்ணுல காயில் அறுந்துபோச்சு. ஒத்தையை மட்டும் மாத்தலாமா, ஜோடியா மாத்தணுமா?

ரிச்சிதெரு_ரவுண்டு
காயில் மட்டும்னா அதே கனத்துக் கம்பி, அதே உயரம், அதே சுத்து வச்சு புதுசா கட்டச் சொல்லுங்க. கிடைக்கலன்னா ஜோடியா மாத்துங்க. இடமும் வலமும் வேற வேற குரல்ல பாடினா பாடகர் நடுவுல நிக்க மாட்டார், ஒரு பக்கமா நழுவிடுவார்.

கோன்கட்டி_செல்லூர்
ஊசி தம்பி, அவரு பேச்சைக் கேட்டு ஜோடியா வாங்கினா அவருக்குத்தான் ரெண்டு வியாபாரம். ஓட்டையை அளந்துட்டு எங்கிட்ட வா.

ரிச்சிதெரு_ரவுண்டு
நான் எதுவும் விக்கிறவன் இல்ல. அந்த ஒரு ஆம்ப்ளிஃபயரும் நீங்க கெஞ்சினதாலதான் கொடுத்தது.

கோன்கட்டி_செல்லூர்
கெஞ்சினேனா? மதுரைக்காரன் கெஞ்சினான்னு சொல்ற மொத ஆளு நீதான்யா. இங்க இருக்கவய்ங்க யாராவது நான் கெஞ்சிப் பாத்திருக்கீங்களா?

அல்நிகோ_அடியேன்
போன வருஷம் என் வால்வு ரேடியோவைக் கேட்டுக் கெஞ்சினீங்க.

கோன்கட்டி_செல்லூர்
அது விலை கேட்டது. கெஞ்சல் வேற, பேரம் வேற.

திருநகர்_ரெக்கார்டு
நான் ஃபோம் ரிங்குக்கு ஆர்டர் போட்டாச்சு. அண்ணன் சொன்ன எக்ஸ்ரே ஃபிலிம் முறையிலயே ஒட்டப் போறேன், அதுக்கு நன்றி. ஆனா அந்த "8 இஞ்ச்னா 8 இஞ்ச்" பதிவை நீங்க எடுக்குற வரைக்கும் நான் விட மாட்டேன். நாலு பேர் அதை நம்பி நல்ல பெட்டியில அரத்தைப் போட்டு ஓட்டையைப் பெருசாக்கிருவாங்க. அதுக்கப்புறம் பழைய வூஃபர் கிடைச்சாலும் மாட்ட முடியாது.

கோன்கட்டி_செல்லூர்
எடுக்க மாட்டேன். நன்றி வேணாம், நியாயம் வேணும். ஞாயித்துக்கிழமை உன் பெட்டியைத் தூக்கிட்டு செல்லூர் வா, என் ஸ்பீக்கரையும் பக்கத்துல வச்சு நாலு பேர் முன்னாடி அளப்போம். தோத்தவன் எல்லாருக்கும் ஜிகர்தண்டா.

திருநகர்_ரெக்கார்டு
வர்றேன். டேப் நான் கொண்டு வர்றேன்.

கோன்கட்டி_செல்லூர்
என்ன டேப்பு? தையக்காரன் டேப்புன்னா செல்லாது, அது இழுத்தா நீளும். இரும்பு டேப் கொண்டா.

ரிச்சிதெரு_ரவுண்டு
எங்க இருந்து எது வரைக்கும் அளக்கப் போறீங்கன்னு முதல்ல பேசி வச்சுக்குங்க.

கோன்கட்டி_செல்லூர்
நீ ஊடால பேசாதே. டிரான்ஸ்ஃபார்மர் காசைக் கொடுத்துட்டுப் பேசு.