குடும்பத்துக்குச் சின்னப் படகு: எந்த அளவு உங்களுக்குச் சரிவந்தது?

துடுப்பு:
நண்பரின் 14 அடி ஃபைபர் படகு. பெரியவர்கள் நாலு பேர், பிள்ளைகள் இரண்டு. யாரும் இடித்துக்கொண்டு உட்காரவில்லை, தாராளமாக இடம் இருந்தது, அதனால் ஆட்கள் அதிகம் என்றே யாருக்கும் தோன்றவில்லை. காற்றும் கிடையாது. நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது சின்னவனின் தொப்பி பறந்து பின்னால் விழுந்தது, நண்பர் சட்டென்று எஞ்சினைக் குறைத்தார், தொப்பி எங்கே என்று பார்க்க ஆளாளுக்குப் பின்பக்கம் சாய்ந்தோம். அவ்வளவுதான். எங்கள் படகு கிளப்பிய அலையே துரத்திக்கொண்டு வந்து, எஞ்சின் மாட்டியிருக்கும் பலகைக்கு மேலாக ஏறி உள்ளே கொட்டியது. பெட்ரோல் டேங்க் தரையை விட்டு எழும்பி, குழாயோடு மிதந்து வந்து என் முழங்காலில் முட்டியது. அது இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. எல்லோரும் முன்னால் போங்கள் என்று நண்பர் கத்த, இறைத்துக்கொண்டே கரை சேர்ந்தோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இப்போது நாங்களே ஒன்று வாங்கப் பார்க்கிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. 14 அடி என்றாலே மனசு ஒப்பவில்லை. உங்களுக்கு என்ன நடந்தது, எந்த அளவில் வந்து நின்றீர்கள் என்று சொல்லுங்கள்.

கரையோரம்:
எங்களுக்கு நடந்தது துறையிலேயே. மாமியார் படகில் இறங்க ஒரு காலை விளிம்பில் வைத்தார். படகு அந்தப் பக்கமாகச் சாய்ந்து, சாய்ந்த வேகத்தில் துறையை விட்டு நகரவும் ஆரம்பித்தது. ஒரு கால் படகில், ஒரு கால் துறையில், நடுவில் தண்ணீர் அகலமாகிக்கொண்டே போகிறது. என் கணவர் இடுப்பைச் சேர்த்துப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டார். அன்றைக்கு மாமியார் முகம் போன போக்கை நான் மறக்கவே மாட்டேன்.

அந்தப் படகு 16 அடி. ஆனால் அகலம் நாலரை அடிதான். விற்பவர்கள் எல்லோரும் நீளத்தை மட்டும்தான் சொல்வார்கள், அகலத்தை நாமாகக் கேட்டால்தான் உண்டு. அடுத்து வாங்கியது 15 அடி நீளம், 6 அடி அகலம். ஒரு அடி குட்டை, ஆனால் மாமியார் இப்போது நடுவில் கால் வைத்து நிதானமாக இறங்குகிறார், படகு கொஞ்சம் அசைகிறது, அவ்வளவுதான். அமெரிக்கக் கடலோரக் காவல்படை சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15ஆல் வகுத்தால் எத்தனை பேர் என்று வரும். பழைய படகுக்கு 4.8, அதாவது நாலு பேர். புதியதற்கு ஆறு. உங்கள் வீட்டில் ஐந்து பேர் என்பதால் அகலத்தை முதலில் பாருங்கள், அதுவும் அம்மா வருகிறார் என்றால் கட்டாயமாக.

பாய்மரம்:
நாங்கள் எஞ்சின் பக்கம் போகவில்லை, பாய்தான். வேஃபேரர், 1957இல் இயன் ப்ராக்டர் வடிவமைத்தது, 4.82 மீட்டர். குடும்பத்தோடு போக அதைவிடப் பொருத்தமான பாய்ப்படகு எனக்குத் தெரியவில்லை, முன்னும் பின்னும் காற்று அடைத்த அறைகள் இருப்பதால் கவிழ்ந்தாலும் மிதக்கும். கரைக்குப் பக்கத்தில் வேண்டுமென்றே கவிழ்த்துப் பார்த்தோம். படகு நன்றாகத்தான் நடந்துகொண்டது. மகனின் லைஃப் ஜாக்கெட்தான் காது வரைக்கும் ஏறி, முகம் பாதி அதற்குள் போய்விட்டது. கால் நடுவே போகும் பட்டை அதில் இல்லை. படகின் அளவை நாள்கணக்கில் பேசினோம், அவனுடைய ஜாக்கெட்டின் அளவை யாரும் பேசவில்லை.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் புரிந்தது. கவிழ்ந்த படகை நிமிர்த்த நான் தேவைப்படவில்லை, மனைவி தனியாகவே படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகை மேல் ஏறி நின்று நிமிர்த்திவிட்டாள். அதைவிடப் பெரியதாக இருந்திருந்தால் அவளால் முடிந்திருக்காது. நான் தண்ணீரில் விழுந்து அவள் மட்டும் பிள்ளைகளோடு இருந்தால் என்ன ஆகும் என்பதை வைத்துத்தான் நான் அளவைப் பார்க்கிறேன்.

நங்கூரம்:
கரையோரம் சொன்ன அந்த 15 கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். எத்தனை பேர், எத்தனை கிலோ ஏற்றலாம் என்று எழுதிய தகடு இல்லாத படகுக்கு ஒரு உத்தேசத்துக்குச் சொன்னது அது, ஆளுக்கு 68 கிலோ, நல்ல வானிலை என்று வைத்துப் போட்டது. எங்கள் வீட்டில் 68 கிலோவுக்குக் கீழே பிள்ளைகள் மட்டும்தான். படகில் தகடு இருந்தால் அதில் இருப்பதுதான் பேச்சு, அதிலும் ஆட்கள் எண்ணிக்கையைவிடக் கிலோவைப் பாருங்கள்.

என் கதை சின்னது. அண்ணன் ஆசைப்பட்டு 20 அடி வாங்கினார். ஒருநாள் டிரெய்லரிலிருந்து இறக்கும்போது பக்கவாட்டில் காற்று. முன்கயிற்றை அண்ணி பிடித்திருந்தாள். படகின் முன்பக்கம் காற்றுக்குத் திரும்பியதும் கயிறு அவள் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. அதற்கப்புறம் அவள் அந்தப் படகில் ஏறவே இல்லை, அவள் வராததால் பிள்ளைகளும் வரவில்லை, படகு தார்ப்பாய்க்குள் கிடக்கிறது.

துடுப்புக்கு இரண்டு வார்த்தை. வீட்டில் எல்லோரையும் எடை பாருங்கள், பிள்ளைகளுக்கு இப்போதைய எடை போடாதீர்கள், இன்னும் மூன்று நாலு வருஷத்தில் என்ன ஆவார்களோ அதைப் போடுங்கள். அதோடு பெட்ரோல், 25 லிட்டர் என்றால் கிட்டத்தட்ட 19 கிலோ. நங்கூரம், கயிறு, பேட்டரி, குடிதண்ணீர், பைகள். எஞ்சினைத் தனியாகக் கேளுங்கள், 20 குதிரைத்திறன் நாலு ஸ்ட்ரோக் ஏறக்குறைய 50 கிலோ, அந்த எடை முழுக்க கடைசிப் பலகையில் தொங்குகிறது. 14 அடி படகு தண்ணீரில் பதியும் பரப்பு சுமார் 5 சதுர மீட்டர் என்று வைத்தால், 50 கிலோ ஏற ஏற ஒரு சென்டிமீட்டர் இறங்கும், ஆனால் அது எடை சமமாகப் பரவியிருந்தால். எல்லோரும் பின்னால் சாய்ந்தால் பின்பக்கம் மட்டும் பல மடங்கு இறங்கும், உங்கள் நண்பரின் படகில் நடந்தது அதுதான். உள்ளே தண்ணீர் வந்தபிறகு கதையே வேறு. 4 சதுர மீட்டர் தரையில் 5 செ.மீ. நின்றால் 200 கிலோ, அதுவும் ஓரிடத்தில் நிற்காது, படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்துக்கே ஓடும். அப்புறம், எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்பதையும் பாருங்கள். ஐரோப்பிய வகைப்பாட்டில் டி என்று இருந்தால் அது 0.3 மீட்டர் அலைக்குத்தான், சி என்றால் 2 மீட்டர் வரை. ஒரே நீளமுள்ள இரண்டு படகுகள் இந்த இரண்டு வகையிலும் இருக்கும். கடைசியாக, இருக்கைக்குக் கீழே மிதவை நுரை இருக்கிறதா என்று கேட்டால் மட்டும் போதாது, திறந்து காட்டச் சொல்லுங்கள், பழைய படகில் அது தண்ணீர் குடித்துக் கனத்துப் போயிருக்கும்.

கரையோரம்:
உத்தேசக் கணக்கு என்பது எனக்கும் தெரியும். குட்டைப் படகு அதிக ஆட்களைத் தாங்கும் என்பதைக் காட்டத்தான் எழுதினேன். உங்கள் அண்ணி விஷயத்தில் 20 அடியைக் குறை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. காற்றடிக்கும்போது கையுறை இல்லாமல் ஒருவரைத் தனியாகக் கயிற்றில் விட்டால் 15 அடியும் அதையேதான் செய்யும்.

நங்கூரம்:
செய்யாது. 15 அடியை இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டே ஒரு ஆள் பிடித்து நிறுத்தலாம், நானே செய்திருக்கிறேன். 20 அடியில் காற்று பிடிக்கும் பக்கவாட்டுப் பரப்பும் அதிகம், எடை இரண்டு மடங்குக்கும் மேல். அளவு பற்றித்தானே பேச்சு.

நாற்சதுரம்:
துடுப்பு, உங்களைப் போலவே நாங்களும் ஐந்து பேர். பழைய படகு ஒன்றைப் பார்க்கப் போனபோது குடும்பத்தையே கூட்டிக்கொண்டு போனோம். ஓட்டிக் காட்டுகிறேன் என்றார் விற்பவர். வேண்டாம், கட்டியபடியே இருக்கட்டும் என்று எல்லோரையும் உட்காரவைத்து, பெட்ரோல் டேங்க்கை நிரப்பச் சொல்லி, பின்பக்கம் தண்ணீருக்கும் பலகை விளிம்புக்கும் நடுவே டேப் வைத்து அளந்தேன். 24 சென்டிமீட்டர். சரி என்று நினைத்தேன். பிறகு பெரியவளையும் மனைவியையும் பின்னிருக்கைக்கு மாறி உட்காரச் சொன்னேன். 15. பக்கத்தில் ஏதோ படகு மெதுவாகத்தான் போனது, அதன் அலை பலகையின் மேல் நுனியை நனைத்துவிட்டு இறங்கியது. பெரியவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. விற்பவருக்கு முகம் சுண்டிவிட்டது, ஓடும்போது முன்பக்கம் எழும்பிச் சரியாகிவிடும் என்றார். ஓடும்போது சரி. நிற்கும்போது?

அந்தப் பலகை 15 அங்குலத் தண்டுள்ள எஞ்சினுக்கானது, அதனால் உயரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். இப்போது வைத்திருப்பது 16 அடி, 20 அங்குல உயரப் பலகை, அதற்கு முன்னால் தண்ணீரைத் தடுத்து வெளியே விடும் தொட்டி. அதே ஐந்து பேர், அதே டேப், இரண்டு பேரைப் பின்னால் மாற்றியும் 33 இருந்தது. அம்மாவை நடு இருக்கையில் உட்காரவைத்து நீங்களும் இப்படி அளந்து பாருங்கள், எந்தப் படகு பார்த்தாலும் எண்ணை இங்கே போடுங்கள்.