ரெசல்யூஷன் புரொஃபெஷனல்: தீர்மானமா, தீர்வா?

மடல் 1

குழுவினருக்கு வணக்கம்.

2016-ஆம் ஆண்டின் நொடிப்பு, திவால் சட்டத்தொகுப்பில் வரும் 'ரெசல்யூஷன் புரொஃபெஷனல்' பதவிக்கு, அதாவது கடனைக் கட்ட முடியாமல் நொடித்த கம்பெனியின் நிர்வாகத்தை ஏற்று நடத்துபவருக்கு, ஒரு தமிழ்ச்சொல் முடிவாக வேண்டும். தீர்மான நிபுணர், திவால் அதிகாரி, தீர்வுத் தொழில்முறையாளர் என்று மூன்று கைவசம் இருக்கின்றன. ரெசல்யூஷன் என்றால் தீர்மானம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்பதால் எனக்கு முதலாவது பிடித்திருக்கிறது. கம்பெனிகளுக்காக ஆஜராகும் வழக்கறிஞர்கள் என்ன சொல்கிறீர்கள்?

மடல் 2

> தீர்மானம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே

ஐயா, அதனால்தான் அது கூடாது. ஒரு வக்காலத்தில் எழுதிப் பாருங்கள்.

கம்பெனிமீதான நொடிப்பு மனு ஏற்கப்படும்வரை அதற்காக யார் கையெழுத்திடுவது? இயக்குநர் குழு கூடி, இன்னார் கையொப்பமிடலாம் என்று ஒரு தீர்மானம் போடும். அதன் நகல் வக்காலத்தோடு இணைக்கப்படும். தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் மனுவை ஏற்று ஆணையிட்டு, இடைக்காலப் பொறுப்புக்கு ஒருவரை நியமித்தால் 17-ஆம் பிரிவின்படி இயக்குநர் குழுவின் அதிகாரம் நின்றுபோகும். நிர்வாகம் நியமிக்கப்பட்டவர் கைக்கு மாறும். பழைய தீர்மானத்தைக் காட்டி இனி யாரும் கம்பெனிக்காகக் கையெழுத்திட முடியாது. அப்படியானால் 'தீர்மானத்தின்படி அதிகாரம் பெற்றவர்' வெளியே போகிறவர், 'தீர்மான நிபுணர்' உள்ளே வருகிறவர். ஒரே பக்கத்தில் ஒரே சொல் எதிரெதிரான இரண்டு ஆட்களைக் குறிக்கும்.

இது சொல்விளையாட்டு இல்லை, பணம் போகிற விஷயம். மனு ஏற்பு ஆணையை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள்தான். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 15 நாள். அதற்கு மேல் தாமதத்தை மன்னிக்கத் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரமில்லை. வழக்கமான பிழை இதுதான்: பழைய வக்கீல் பழைய வக்காலத்தை வைத்துக்கொண்டு கம்பெனியின் பெயரிலேயே மேல்முறையீடு போட்டுவிடுவார். அது செல்லாது என்று இன்னோவென்டிவ் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் 2017-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் இயக்குநர் தம் சொந்தப் பெயரில்தான் போட வேண்டும். பிழையை உணர்ந்து திருத்தி மறுபடி தாக்கல் செய்வதற்குள் அந்த 45 நாளும் ஓடியிருக்கும்.

'அதிகாரி'யும் ஒத்துவராது. இவர் அரசு ஊழியர் இல்லை, பதிவுபெற்ற தனியார். கம்பெனியிடமிருந்து பணம் வர வேண்டியவர்களின் கோரிக்கைகளை வாங்கிச் சரிபார்த்துத் தொகுப்பவரே தவிரத் தீர்ப்புச் சொல்பவர் அல்ல என்று 2019-இல் ஸ்விஸ் ரிப்பன்ஸ் வழக்கில் தெளிவாகிவிட்டது. அதிகாரி என்று எழுதினால், கோரிக்கை நிராகரிக்கப்பட்ட சப்ளையர் அதையே இறுதி உத்தரவென்று நினைத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகாமல் இருந்துவிடுவார்.

'திவால்' என்ற முன்னொட்டும் வேண்டாம். சட்டத்தொகுப்பில் திவால் என்பது தனிநபருக்கும் கூட்டாண்மைக்கும் உரிய மூன்றாம் பாகத்தில் வருவது. கம்பெனிக்கு நொடிப்பு உண்டு, கலைப்பு உண்டு, திவால் கிடையாது. பத்திரிகைக்காரர்கள் எழுதட்டும், தலைப்புக்கு மூன்றெழுத்து வசதி. கலைச்சொல் பட்டியலில் ஏற்றக் கூடாது. 'நொடித்துப்போன குடும்பம்' என்று ஊரில் சொல்வதுபோல நொடிப்பு பழகிய சொல்தான்.

என் பரிந்துரை: தீர்வாளர். முதலில் நியமிக்கப்படுபவர் இடைக்காலத் தீர்வாளர். கடனீந்தோர் (கடன் தந்தவர்கள்) குழு தன் முதல் கூட்டத்தில் 66 சதவீத வாக்கால் அவரையே தொடரச் செய்யலாம், அல்லது வேறொருவரை முன்மொழியலாம். அப்படித் தேர்வாகிறவரே தீர்வாளர். வழக்குத் தலைப்பில் 'இன்ன நிறுவனம், அதன் தீர்வாளர் வாயிலாக' என்று இடறாமல் ஓடுகிறது. 'தொழில்முறையாளர் வாயிலாக' என்று ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், தெரியும்.

மடல் 3

தீர்வாளர் காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் 'கடனைத் தீர்த்தான்' என்றால் தமிழில் முழுசாகக் கொடுத்துவிட்டான் என்று பொருள். சரக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவருக்கு, கம்பெனியைக் கலைத்திருந்தால் எவ்வளவு வந்திருக்குமோ அந்த அளவைத்தான் சட்டம் குறைந்தபட்சமாக உறுதிசெய்கிறது. கலைப்பில் வங்கிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் பின்னால் நிற்பவர் அவர், அந்த அளவு பூஜ்யமாகவும் இருக்கலாம். அவரிடம் போய் 'தீர்வு' என்றால் சிரிப்பார். மீட்பாளர் என்று வைத்தால் என்ன? கம்பெனியை மீட்பதுதானே சட்டத்தின் நோக்கம்?

மடல் 4

வணக்கம். இலங்கையிலிருந்து ஒரு குறிப்பு. எங்கள் பக்கம் 'வங்குரோத்து'தான் நாளாந்த வழக்கு. 2022 ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தியபோது நாட்டுக்கே அந்தச் சொல்லைப் போட்டார்கள். பிறகு நடந்தது 'கடன் மறுசீரமைப்பு'. உங்கள் தீர்வாளர் செய்வதும் மறுசீரமைப்புத்தான் என்றால் 'மறுசீரமைப்பாளர்' எண்டு போடலாமே?

மடல் 5

இரண்டு மடல்களுக்கும் சேர்த்துப் பதில்.

மறுசீரமைப்பை வேறொன்றுக்கு ஒதுக்கிவைக்க வேண்டியிருக்கிறது. தீர்ப்பாயத்துக்குப் போகாமலே வங்கிகள் கம்பெனியோடு பேசித் தவணையையும் வட்டியையும் மாற்றியமைப்பதைத்தான் இந்தியாவில் கடன் மறுசீரமைப்பு என்கிறோம். ரிசர்வ் வங்கி 2019 ஜூன் 7 சுற்றறிக்கையில் வகுத்த முறைப்படி, கடன் தொகையில் 75 சதவீதமும் கடன் தந்தோர் எண்ணிக்கையில் 60 சதவீதமும் உள்ளவர்கள் சம்மதித்தால் அது கடனீந்தோர் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட எல்லோரையும் கட்டும். அங்கே இயக்குநர் குழுவின் அதிகாரத்தில் யாரும் கைவைப்பதில்லை. கம்பெனி தன் வக்கீலைத் தானே வைத்துக்கொண்டு பேரம் பேசும். நொடிப்பு நடவடிக்கையிலோ கம்பெனியின் வாயே கைமாறிவிடுகிறது. வக்கீலுக்கு அறிவுறுத்தல் தருபவர் யார் என்பதில்தான் இரண்டுக்கும் வித்தியாசம். ஒரே சொல்லை இரண்டுக்கும் போட்டால் அது மறைந்துவிடும்.

> கம்பெனியை மீட்பதுதானே சட்டத்தின் நோக்கம்?

நோக்கம் அதுதான், முடிவு பலசமயம் கலைப்பு. மீட்பாளர் என்று பெயர் வைத்துவிட்டு, சட்டம் தரும் 330 நாளில் கம்பெனியைக் காப்பாற்றும் திட்டம் எதுவும் தேறாமல் கலைப்புக்கு அனுப்பும்போது 'மீட்பாளர் கலைக்கப் பரிந்துரைத்தார்' என்று எழுத வேண்டிவரும். தவிர, அடமானத்தை மீட்பது என்று சொத்துச் சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. 'தீர்ப்பது' பற்றிய ஆட்சேபம் நியாயமானது. ஆனால் பிரச்சினைக்கும் தீர்வு என்கிறோம், கடனுக்கு மட்டுமல்ல. 'நொடிப்புத் தீர்வு' என்று சேர்த்தே எழுதினால் தீர்வது நொடிப்பு, கடன் அல்ல என்பது விளங்கும்.

கூடவே இன்னும் இரண்டு சொற்கள்.

14-ஆம் பிரிவின் 'மொராட்டோரியம்'. 2020-இல் கொரோனா காலத் தவணைச் சலுகைக்கு 'ஒத்திவைப்பு' என்று எழுதினார்கள். அங்கே சரி. இங்கே தவணை தள்ளிப்போகவில்லை, கம்பெனிமீது வழக்குப் போடவும் தீர்ப்பாணையை நிறைவேற்றவும் அடமானச் சொத்தை வங்கி எடுக்கவும் தடை. நடவடிக்கைத் தடைக்காலம் என்பதே பொருந்தும். அது கம்பெனிக்குத்தான், ஜாமீன் நின்றவருக்கு இல்லை. செக் திரும்பிய வழக்கு கம்பெனிமீது நின்றுபோகும், கையெழுத்திட்ட இயக்குநர்மீது தொடர்ந்து ஓடும் என்று 2021-இல் மோகன்ராஜ் வழக்கில் முடிவானது. ஆகவே இருவருக்கும் தனித்தனி வக்கீல் வைப்பதே நல்லது. ஒரே ஆள் இரண்டு பக்கமும் நின்றால் முரண் வரும்.

அடுத்து 'சஸ்பெண்டட் டைரக்டர்'. முன்னாள் இயக்குநர் என்று எழுதுவது பிழை. பதவி இருக்கிறது, அதிகாரம்தான் இல்லை. கடனீந்தோர் குழுக் கூட்டத்துக்கு அவருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும், அவர் வந்து உட்காரலாம், வாக்கு மட்டும் கிடையாது. தீர்வுத் திட்டத்தின் நகலைக் கேட்டு வாங்கும் உரிமையும் விஜய்குமார் ஜெயின் வழக்கில் 2019-இல் கிடைத்தது. 'முன்னாள்' என்று எழுதினால் அறிவிப்பு அனுப்பாமல் விட்டுவிடுவார்கள், கூட்டமே கேள்விக்குள்ளாகும். அதிகாரம் நிறுத்தப்பட்ட இயக்குநர் நீளம்தான். 'இடைநீக்க இயக்குநர்' என்று சுருக்கினால் ஒழுங்கு நடவடிக்கை வாடை அடிக்கிறது. சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

மடல் 6

தீர்வாளருக்கு என் வாக்கு. மீட்பாளரைத் திரும்பப் பெறுகிறேன்.

நிறுத்தப்பட்ட இயக்குநருக்கு அதிகாரமிலா இயக்குநர்? 'தற்போதைக்கு' என்ற பொருள் அதில் வரவில்லை என்பது தெரிகிறது. 12ஏ பிரிவில் கடனீந்தோர் குழுவின் 90 சதவீத வாக்கோடு மனு திரும்பப் பெறப்பட்டால் அதிகாரம் அவரிடமே திரும்பிவிடும். சொல்லில் அதற்கும் இடம் வேண்டும்.