சின்குரோமெஷ்: ‘ஒத்திசைவி’யா, ‘இணக்கி’யா?

அன்பின் நண்பர்களுக்கு,

கியர் மாற்றும்போது பற்கள் அரைபடாமல் சுழற்சியைச் சமப்படுத்தும் ‘சின்குரோமெஷ்’ (synchromesh) என்ற அமைப்புக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். நீங்கள் எழுதியவற்றுக்கு என் பதில்:

> ‘ஒத்திசைவி’ என்றே வைத்துக்கொள்வோம். ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல்தானே.

புழக்கத்தில் இருப்பதுதான் எனக்குச் சிக்கல். கைபேசியில் படங்களையும் தொடர்பு எண்களையும் ‘ஒத்திசை’க்கிறோம். இரண்டு பக்கமும் ஒரே தரவு வந்துவிட்டால் வேலை முடிந்தது. கியர் பொக்ஸுக்குள் நடப்பது வேறு. போன மாதம் திருகோணமலையில் வீட்டு முற்றத்தில் என் 1963 மொரிஸ் மைனர் காரின் கியர் பொக்ஸைக் கழற்றிச் சாக்கின்மேல் பரப்பியபோதுதான் எனக்கே அது சரியாக விளங்கியது.

உவர்மலை ஏற்றத்தில் மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றினால் கறகறவென்று பல் அரைபடும். கிளச்சை இரண்டு தரம் மிதித்து, நடுவில் அக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டினால் சத்தமில்லாமல் விழும். பொக்ஸுக்குள் ஒரு வளையம் செய்யவேண்டிய வேலையை என் கால் செய்துகொண்டிருந்தது.

அந்த வளையம் செம்பு கலந்த மஞ்சள் உலோகம். கியரை மாற்றும்போது அது பற்சில்லின் கூம்பில் போய் அழுந்தும். உட்பக்கத்தில் உள்ள நுண்ணிய வரிகள் எண்ணெய்ப் படலத்தை வழித்துவிட, உராய்வு பற்றும். சில்லும் தண்டும் ஒரே அளவாகச் சுழலும்வரை வளையத்தின் பற்கள் வழியை மறித்து நிற்கும். வேறுபாடு தீர்ந்ததும் வழி விடும், கியர் பூட்டிக்கொள்ளும். என் பழைய வளையத்தில் வரி எதுவும் நகத்துக்குத் தட்டுப்படவில்லை. கூம்பில் அழுத்தித் திருகினால் சவர்க்காரம் மாதிரி வழுக்கியது. புதியது கவ்விப் பிடித்தது.

முரண்டு பிடிக்கும் இரண்டு பேரை உரசி, மறித்து, ஒரு வழிக்குக் கொண்டுவருவதைத் தமிழில் இணக்குவது என்போம். ஆகவே ‘இணக்கி’.

> அப்படியானால் ‘கதியிணக்கி’ இன்னும் தெளிவு.

எங்களுக்குத் தெளிவுதான். இங்கே இலங்கைப் பாடநூலில் ‘கதி’ திசை பாராதது, ‘வேகம்’ திசையும் சேர்ந்தது. தமிழ்நாட்டில் முதலாவது ‘வேகம்’, இரண்டாவது ‘திசைவேகம்’. அங்குள்ளவர் ‘கதியிணக்கி’யை வாசித்தால் அதோகதிதான் நினைவுக்கு வரும். ‘வேக இணக்கி’ என்றால் எங்கள் பௌதிக ஆசிரியர்கள் சண்டைக்கு வருவார்கள். முன்னொட்டே வேண்டாம்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். ‘இரண்டாம் கியரின் இணக்கி தேய்ந்துவிட்டது.’ ‘மைனரின் முதலாம் கியருக்கு இணக்கி கிடையாது, வண்டி முழுதாக நின்ற பிறகே போடவேண்டும்.’ இடறவில்லை. வளையத்தை மட்டும் குறிக்கத் தனிச்சொல் வேண்டுமென்றால் ‘மறிவளையம்’ எனலாம். மறிப்பதும் அதன் வேலைதானே. இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. ஆனால் உள்ளே இருக்கும் சிறு பூட்டுப்பற்களை ஆங்கிலத்தின் ‘dog teeth’ஐப் பார்த்து ‘நாய்ப்பல்’ என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள்.

இன்னொன்று, கலைச்சொல்லோடு தொடர்பில்லாதது: இந்தப் பொக்ஸுக்கு என்ஜின் ஒயில்தான் ஊற்றவேண்டும். கியர் பொக்ஸ்தானே என்று தடித்த கியர் ஒயிலை ஊற்றினால் வளையம் சரியாகப் பற்றாது. சில வகை கியர் ஒயிலில் உள்ள கந்தகச் சேர்மானம் மஞ்சள் உலோகத்தை அரிக்கவும் கூடும். என் வண்டியில் முன்பு அதுதான் இருந்தது.

திரும்பப் பூட்ட உதவிக்கு வந்த மெக்கானிக் அண்ணையிடம் புதுச்சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். “இணக்கியோ? நல்லது. இப்ப அந்தப் பித்தளை ரிங்கை இங்கால எடு தம்பி” என்றார்.