எதிர்நீச்சல் அப்பத்தாவின்ர 40 வீதம் மூத்தவருக்குத் தானோ?

விசுவமடு மருமகள்:
எதிர்நீச்சல் நாடகத்தின்ர முதல் பாகம் இப்பதான் யூரியூப்பில மாமியோட இருந்து பாக்கிறன், 2022இல சண் ரீவியில தொடங்கேக்க எங்கட வீட்டில டிஷ் இல்லை. அப்பத்தாவின்ர பேரில குடும்பச் சொத்தில 40 வீத பங்கு இருக்கு எல்லோ, அந்த வீட்டு மூத்தவர் குணசேகரன் அதை எழுதி வாங்கத் துள்ளுற இடத்தில நிக்கிறம். மாமி சொல்லுறா இவர் ஏன் துள்ளுறார், கிழவி கண்ணை மூடினா மூத்தவருக்குத் தானே வருமெண்டு. நான் இல்லையெண்ட, நாடகத்தை நிப்பாட்டிப்போட்டு ரெண்டு பேரும் சண்டை. அப்பத்தா விரும்பினா கடைசி மருமகள் ஜனனிக்கு எழுதலாமோ? மிச்சக் கதையை மட்டும் சொல்லிப்போடாதேங்கோ.

மாங்குளத்தான்:
எழுதலாம் தங்கச்சி. அது அவவின்ர சொந்தப் பங்கு, விரும்பின ஆளுக்கு எழுதலாம், அதாலதான் அந்தாள் கையெழுத்துக்குப் பின்னால திரியுது. மாமி சொல்லுறது எங்கட பெர்மிட் காணிக் கதை. குடியேற்றத் திட்டத்தில அரசாங்கம் பெர்மிட்டில குடுத்த காணியள் 1935ம் ஆண்டு காணி அபிவிருத்திச் சட்டத்துக்குக் கீழ வரும், பின்னுரித்தாளர், அதாவது தனக்குப் பிறகு காணி ஆருக்கெண்ட பேர், பதியாமல் ஆள் செத்து, மனிசியும் இல்லையெண்டா ஆம்பிளைப் பிள்ளையள்தான் முதல், அதிலயும் மூத்தவன். பொம்பிளைப் பிள்ளை வரிசையில பின்னுக்கு. அதை 2022இல திருத்திப்போட்டினம், இப்ப ஆணோ பெண்ணோ மூத்த பிள்ளை.

வட்டுவாகல் பெடியன்:
ஜனனியாவது ஒண்டாவது, அந்த 40ஐ ஜீவானந்தம் எல்லோ ஏமாத்திக் கொண்டு போறான் பிறகு

விசுவமடு மருமகள்:
அட பாவி சொல்ல வேண்டாமெண்டு தானே கேட்டனான் 😡

முள்ளியவளை அக்கா:
அவனை விடுங்கோ பிள்ளை, ஜீவானந்தமா வாறது டைரக்டர் திருச்செல்வம், அந்தாள் வந்தாப்பிறகுதான் நாடகமே சூடு. மாமிக்கு ஒரு விசயம் முதலே சொல்லி வையுங்கோ, குணசேகரனா நடிச்ச மாரிமுத்து 2023 செப்டெம்பர் 8 டப்பிங் செய்யேக்க நெஞ்சு நொந்து செத்தவர், பிறகு குணசேகரனா வேல ராமமூர்த்தி வாறார். அவரும் நல்லாத்தான் நடிக்கிறார், ஆனா எங்கட அம்மா அதோட விட்டிட்டா. அவ பாத்ததே "இந்தாம்மா ஏய்" எண்டு அந்தாள் தொடங்க இருந்து திட்டுறதுக்குத்தான், புது ஆளைத் திட்ட வாய் வரேல்லையாம்.

விசுவமடு மருமகள்:
மாமிக்கு மாங்குளத்து அண்ணையின்ர பதிலை வாசிச்சுக் காட்டினன். அப்பத்தாவை மறந்திட்டா, இப்ப மாமாவின்ர பெர்மிட்டில பின்னுரித்தாளர் பேர் பதிஞ்சு கிடக்கோ எண்டு கேட்டுக்கொண்டு நிக்கிறா. இடம்பெயர்வில பழைய கொப்பி துலைஞ்சு போச்சு, எங்க போய்ப் பாக்கிறது?

மாங்குளத்தான்:
பிரதேச செயலகத்தில காணிக் கிளை. பெர்மிட் நம்பர் தெரியாட்டி மாமாவின்ர முழுப்பேரையும் அடையாள அட்டையையும் கொண்டு போங்கோ, கிராம சேவையாளரிட்டயும் ஒரு கடிதம் வாங்கினா நல்லது. பதியேல்லையெண்டா மாமா உயிரோட இருக்கேக்கயே பதிவிச்சுப்போடுங்கோ.