மரக்கட்டைகளை அடுக்கி வீட்டுத் திட்டம் செய்தால் அது வடிவமைப்பு ஆகாதா?

கேள்வி (கேட்பவர்: மரத்தூள்)

வணக்கம். சென்னையில் கட்டடக்கலை ஐந்தாம் ஆண்டு படிக்கிறேன். வட சென்னையில் நான்கு மாடிகளோடு நிற்கும் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொண்டு, அதே மனையில் அதே குடும்பங்களுக்கு மறுபடியும் வீடு கட்டினால் எப்படி இருக்கும் என்பதையே தீசிஸாகச் செய்து வருகிறேன். பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான வீட்டுக்குப் பிரதமர் வீட்டு வசதித் திட்டம் வைத்திருக்கும் 30 சதுர மீட்டர் உட்பரப்பையே நானும் அளவாகக் கொண்டேன். சதுர அடியில் சொன்னால் ஏறத்தாழ 323.

வழக்கம்போல், மேலிருந்து பார்க்கும் தள வரைபடமான பிளானில் தொடங்காமல், எங்கள் தெருமுனைத் தச்சுப் பட்டறையில் கழித்துப் போட்ட துண்டுகளை வாங்கி, ஒன்றுக்கு ஐம்பது என்ற அளவில், 6.6 செ.மீ. நீளமும் 6 செ.மீ. அகலமும் 6 செ.மீ. உயரமும் கொண்ட 60 கட்டைகளாக அறுத்துத் தேய்த்துக்கொண்டேன். ஒரு கட்டை என்பது 3.3 மீட்டருக்கு 3 மீட்டர் அறை, அதாவது 9.9 சதுர மீட்டர். மூன்று கட்டைகள் ஒரு வீடு. விதிகள் இரண்டே: ஒரு வீட்டின் மூன்று கட்டைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், அவற்றில் ஒன்றாவது பொது நடைபாதையைத் தொட வேண்டும்.

இந்தக் கட்டைகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு குடியிருப்புக்குப் போய், மாடிப்படியின் கீழே உட்கார்ந்து, அங்கிருப்பவர்களிடமே கொடுத்து அடுக்கச் சொன்னேன். ஓர் அம்மா அடுக்களைக் கட்டையை எடுத்து நடைபாதையை ஒட்டி முன்னால் வைத்தார். அடுக்களை பின்னால்தானே இருக்கும், அவருக்குப் புரியவில்லை போலும் என்று எண்ணி நான் அதை நகர்த்தப் போனபோது, "தண்ணி லாரி வந்தா யாரு எட்டிப் பார்க்கிறது?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் முன்னாலேயே வைத்தார். ஒரு பையன் மூன்றாம் வரிசையில் இரண்டு கட்டைகள் அளவுக்கு வெற்றிடம் விட்டு, அதில் யாரும் வீடு வைக்கக் கூடாது என்று காவல் நின்றான். மூன்று நாள்களில் பதினோரு அடுக்குகள் கிடைத்தன. ஒவ்வொன்றையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

மாணவர் வேலையை மதிப்பிடும் முதல் ஜூரி அமர்வில், வெளியிலிருந்து வந்திருந்த ஒருவர், விளையாட்டுச் சாமானைக் கொண்டுவந்து பரப்பினால் அது வடிவமைப்பு ஆகிவிடாது என்றும், அடுத்த முறை பிளானும், கட்டடத்தை நெடுக வெட்டினால் உள்ளே தெரிவதைக் காட்டும் செக்‌ஷனும் இல்லாமல் வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். இப்படித் தொடங்கிய வீட்டுத் திட்டங்களுக்கு முன்னுதாரணம் உண்டா? விளையாட்டை எந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் பிளானுக்குப் போக வேண்டும்?

பதில்: தாழ்வாரம்

முன்னுதாரணம் கேட்டீர்கள். உங்களைப் போன்ற ஒரு மாணவரிடமிருந்தே தொடங்கலாம். மொஷே சாஃப்டி 1938இல் ஹைஃபாவில் பிறந்து, பதினைந்தாம் வயதில் குடும்பத்தோடு கனடாவுக்குப் போனவர். மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, உதவித்தொகை பெற்று வட அமெரிக்க நகரங்களின் வீடுகளைச் சுற்றிப் பார்த்தார். ஒரு பக்கம் நிலத்தை விழுங்கிக்கொண்டு பரவும் புறநகர்த் தனி வீடுகளும், மறுபக்கம் மண்ணோடும் வானத்தோடும் தொடர்பற்ற உயர்ந்த குடியிருப்புக் கட்டடங்களும் இருந்தன. தனி வீட்டின் தோட்டத்தையும் தனிமையையும் அடுக்குமாடியின் நெருக்கத்துக்குள் கொண்டுவர முடியுமா என்பதே 1961இல் அவர் எழுதிய தீசிஸின் கேள்வி. தொழிற்சாலையில் செய்த பெட்டிகளை, ஒன்றின் கூரை மற்றொன்றின் தோட்டமாகும்படி விலக்கி விலக்கி அடுக்குவதே அவர் கண்ட விடை. அந்த அடுக்குகளை அவர் லெகோ என்ற விளையாட்டுக் கட்டைகளால் செய்து பார்த்தார். உங்கள் ஜூரி உறுப்பினருக்கு இந்தச் செய்தி மட்டுமே போதும் என்று தோன்றுகிறது.

அந்தத் தீசிஸே 1967இல் மாண்ட்ரியல் உலகக் கண்காட்சிக்காக ஹாபிடாட் 67 என்ற பெயரில் எழுந்தது. அப்போது அவருக்கு முப்பது வயது நிரம்பவில்லை. மொத்தம் 354 கான்கிரீட் பெட்டிகள், அவற்றால் ஆன 158 வீடுகள், பன்னிரண்டு தளங்கள். ஒரே அளவுப் பெட்டியிலிருந்து, ஒரு படுக்கையறை வீடு முதல் நான்கு படுக்கையறை வீடு வரை, பதினைந்து வகை வீடுகளை அவர் எடுத்தார். குளியலறைகள் கண்ணாடியிழையில் ஒரே வார்ப்பாகச் செய்யப்பட்டுப் பெட்டிக்குள் இறக்கப்பட்டன. மின்தூக்கி எல்லாத் தளங்களிலும் நிற்காமல் நான்கு தளங்களுக்கு ஒரு முறை நின்று, அங்கிருக்கும் நடைதெருக்களில் ஆட்களை இறக்கிவிடும். வீட்டுக்குப் போகிறவர்கள் அந்தத் தெரு வழியாக நடந்தே போக வேண்டும். நீங்கள் வைத்திருக்கும் நடைபாதை விதி அங்கேயும் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். விதி இருப்பதால்தான் அது அடுக்கு. இல்லையென்றால் கொட்டி வைத்த குவியல்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பெட்டிகளைத் தொழிற்சாலையில் செய்தால் வீடு மலிவாகும் என்ற கணக்கு அங்கே பலிக்கவில்லை. ஆயிரம் வீடுகள் அளவில் நினைத்த திட்டம் 158 வீடுகளாகச் சுருங்கியபோது, அச்சுகளுக்கும் பளு தூக்கிகளுக்கும் ஆன செலவு முழுவதும் அந்தச் சில வீடுகளின் தலையில் விழுந்து, மொத்தச் செலவு இரண்டு கோடி டாலரைத் தாண்டியது. எளியவர்களுக்கும் எட்டும் என்று கனவு கண்ட கட்டடத்தில் இன்று வசதி படைத்தவர்களே வாங்கிக் குடியிருக்கிறார்கள். ஜூரியில் நீங்கள் ஹாபிடாட்டைச் சொன்னால், யாராவது ஒருவர் இதைக் கேட்கத்தான் கேட்பார்.

பதில்: ஜல்லி

தம்பியோ தங்கையோ தெரியவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளாகச் சைட்டில் நிற்கிற சிவில்காரன் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் கட்டை கெட்டியான மரம். கெட்டியான கட்டைக்குச் சுவர் கிடையாது. 3.3க்கு 3 என்பது வெளியளவா, உள்ளளவா? வெளியளவு என்றால், நான்கு பக்கமும் 15 செ.மீ. சுவர் போக உள்ளே மிஞ்சுவது 3க்கு 2.7, அதாவது 8.1 சதுர மீட்டர். வசிக்கும் அறைகளில் ஒன்றாவது பொதுவாக 9.5 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு கேட்கிறது, அங்கேயே விழுந்துவிட்டீர்கள். மூன்று கட்டைகளுக்கும் சேர்த்து 24.3 சதுர மீட்டர்தான் வருகிறது, 30 வரவில்லை. உள்ளளவு என்றால், இரண்டு கட்டைகளை நீங்கள் ஒட்டி வைக்கும் ஒவ்வோர் இடத்திலும் கண்ணுக்குத் தெரியாத 30 செ.மீ. இரட்டைச் சுவர் இருக்கிறது என்று பொருள். பதினோரு அடுக்குகளில் எதிலாவது அதற்கு இடம் விட்டிருக்கிறீர்களா?

அடுத்தது, கட்டை என்பது உங்களுக்கு அளவு மட்டுமா, கட்டும் முறையுமா என்பதை முதலில் தீர்மானியுங்கள். ஹாபிடாட்டின் ஒரு பெட்டியே 70 முதல் 90 டன். உங்களுடையது சிறியதுதான், ஆனாலும் பத்து செ.மீ. கான்கிரீட்டில் வார்த்தால்கூடப் பத்து டன்னுக்கு மேல் வரும். வட சென்னைச் சந்தில் அதைத் தூக்கி வைக்கும் கிரேன் எந்த வழியாக உள்ளே வரும்? தூணும் உத்தரமும் போட்டு நடுவில் செங்கல் சுவர் வைப்பதாக இருந்தால், கீழ்க் கட்டைக்கு நேர் மேலே இல்லாமல் பாதி விலகி நிற்கும் ஒவ்வொரு மேல்கட்டைக்கும் தனி உத்தரம் தேவைப்படும். ஒவ்வொரு விலகலுக்கும் கம்பி இருக்கிறது, கம்பிக்கு விலை இருக்கிறது.

மூன்றாவது விஷயம்தான் எனக்குக் கவலை தருகிறது. நேராக அடுக்கிய நான்கு மாடிக் கட்டடத்தில் மழையும் வெயிலும் மேல் மாடியின் கூரையில் மட்டுமே இறங்கும். 60 கட்டைகளை நேராக நான்கு அடுக்காக வைத்தால் 15 கூரைகளோடு முடிந்தது. விலக்கி அடுக்கினால் அது 25 ஆகும், 30 ஆகும். ஒவ்வொன்றுக்கும் செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, அதன் மேல் தட்டோடு, சுற்றிலும் சுவரோரத்தில் வளைத்துப் பூச்சு என்று செய்தாக வேண்டும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஒழுகுவது பெரும்பாலும் தளத்தின் நடுவில் அல்ல, சுவரும் தளமும் சேரும் அந்த மூலையில். உங்கள் அடுக்கில் அந்த மூலைகளை ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.

கழிவுநீர்க் குழாயைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அடுக்களையையும் கழிவறையையும் அவரவர் இஷ்டத்துக்கு வைத்தால், ஒரு வீட்டுக் கழிவறை இன்னொரு வீட்டுக் கூடத்தின் தலைக்கு மேல் வரும்.

பதில்: திண்ணை

ஜல்லி அவர்கள் சொன்ன அனைத்தும் சரி. அந்தக் கணக்குகளைக் கண்டு நீங்கள் கட்டைகளைப் பையில் போட்டு மூடிவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

தாழ்வாரம் அவர்களோடு எனக்கு ஒரு சிறு வேறுபாடு உண்டு. சாஃப்டியின் விளையாட்டை விளையாடியவர் சாஃப்டி ஒருவரே. ஆட்டம் முடிந்து கான்கிரீட்டில் உறைந்த பிறகே குடியிருக்கிறவர் உள்ளே வந்தார். நீங்கள் செய்திருப்பது வேறு. உங்களுக்கு நெருங்கிய உதாரணங்கள் இந்தூரிலும் சிலியிலும் இருக்கின்றன.

இந்தியக் கட்டடக்கலைஞர் பால்கிருஷ்ண தோஷி 1980களில் இந்தூரில் வடிவமைத்த அரண்யா குடியிருப்பு, 85 ஹெக்டேரில் ஏறத்தாழ 6,500 மனைகள் கொண்டது. மிகச் சிறிய மனை 35 சதுர மீட்டர்; உங்கள் வீட்டைவிடச் சற்றே பெரிது. ஏழைகளுக்கு முழு வீட்டைக் கட்டிக் கொடுக்காமல், மனையோடு அடித்தளம், கழிவறை, ஓர் அறை என்ற அளவில் கொடுத்துவிட்டு, மற்றவற்றைக் குடும்பங்களே கையில் காசு சேரும்போது சேர்த்துக் கட்டிக்கொள்ளும்படி விட்டார்கள். எப்படியெல்லாம் கட்டலாம் என்று காட்டுவதற்காக 80 மாதிரி வீடுகளைத் தோஷியின் குழு கட்டிக் காட்டியது. திண்ணை, வெளிப்படிக்கட்டு, மாடத்துக் கைப்பிடிச் சுவர் போன்ற உறுப்புகள் ஒவ்வொரு வீட்டிலும் வேறு வேறு விதமாகச் சேர்ந்து வரும் அந்த வீடுகளைப் படத்தில் பார்த்தால், ஒரே கட்டைப் பெட்டியைப் பல குழந்தைகளிடம் கொடுத்தது போல இருக்கும். 1995இல் அதற்குக் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது கிடைத்தது.

சிலியின் இக்கிகே நகரில் கட்டடக்கலைஞர் அலெஹாந்த்ரோ அரவேனாவின் குழு 2004இல் முடித்த கின்தா மொன்ராய் குடியிருப்பு இன்னும் துணிச்சலானது. குடும்பத்துக்கு 7,500 டாலர் மானியம் மட்டுமே கையில் இருந்தது. மோசமான முழு வீட்டுக்குப் பதிலாக நல்ல வீட்டின் பாதியைக் கட்டினார்கள். படிக்கட்டு, குளியலறை, அடுக்களை, பக்கச் சுவர் ஆகிய கடினமான பாதி கட்டித் தரப்பட்டது; பக்கத்தில் விட்ட வெற்றிடத்தைக் குடும்பங்களே நிரப்பிக்கொண்டன. 36 சதுர மீட்டரில் தொடங்கிய வீடு 70 வரை வளர இடம் இருந்தது.

நம் ஊர் ஹவுசிங் போர்டு வீடுகளில் பால்கனியைத் தகரத்தாலும் கம்பிவலையாலும் அடைத்து அறையாக்கிக்கொள்வதை நாம் விதிமீறல் என்றே பார்த்துப் பழகிவிட்டோம். அந்தக் கூடுதல் அறை வரும் என்று முன்பே எண்ணி, அதற்குத் தாங்கும் தளத்தையும் காற்று வரும் திசையையும் விட்டு வைப்பதும் கட்டடக்கலைஞரின் வேலைதான். அந்தப் பையன் காவல் நின்ற வெற்றிடத்தைத் தயவுசெய்து பிளானில் அழித்துவிடாதீர்கள். ஜல்லி அவர்கள் கேட்ட உத்தரமும் குழாயும் உங்கள் பங்கு. அவற்றை நகராத கட்டைகளாக்கி, மற்றவற்றை நகர விடுங்கள். அப்படிச் செய்தால் எந்த இடத்தில் நிறுத்துவது என்ற உங்கள் கேள்விக்கே தேவை இருக்காது.

மரத்தூள்

அனைவருக்கும் நன்றி. ஜல்லி ஐயா, அந்த 8.1 என்ற எண்ணைப் பார்த்து இரண்டு நாள் தூக்கம் போனது. வெளியளவாகவே வைத்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மரக்கட்டைகளை ஒதுக்கிவிட்டு, 3 மி.மீ. மில்போர்டு அட்டையில் உள்ளே வெற்றான பெட்டிகளாக மறுபடியும் செய்தேன். ஒன்றுக்கு ஐம்பதில் அந்த அட்டையின் கனமே 15 செ.மீ. சுவர் ஆகிவிடுவதால், சுவரை இனி மறக்க முடியாது. உள்ளளவு 3.3க்கு 3 என்று இருக்கட்டும் என்று வெளியளவை 7.2க்கு 6.6 செ.மீ. ஆக்கினேன். இரண்டு பெட்டிகள் ஒட்டும் இடத்தில் ஒரு பெட்டியின் பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு ஒரே சுவராக்கிக்கொள்கிறேன். பெட்டி எனக்கு அளவு மட்டுமே. கட்டுவது தூணும் உத்தரமும்தான். மேல் பெட்டி விலகினால் முழுப் பெட்டி அளவுக்குத்தான் விலக வேண்டும், பாதி விலகக் கூடாது என்பது புதிய விதி. அதனால் தூண்கள் நேருக்கு நேர் வந்துவிட்டன. கூரைகள் 22இல் நின்றன. கழிவறையும் அடுக்களையும் சேர்ந்த பெட்டிகளுக்கு நீல வண்ணம் பூசி, நீலத்தின் மேல் நீலம் மட்டுமே வரலாம் என்று நான்காவது விதியையும் வைத்தேன்.

இவற்றோடு மறுபடியும் குடியிருப்புக்குப் போனேன். நீலப் பெட்டிகள் பின்பக்கம் வரிசையாக நிற்பதைப் பார்த்த அதே அம்மா, தன் வீட்டு அடுக்களையை மட்டும் முன்னால் இழுக்க முடியாது என்று நான் சொன்னதும், சற்று நேரம் யோசித்துவிட்டு, நான்கு மாடிகளின் நீலப் பெட்டிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து நடைபாதைப் பக்கம் அடுக்கினார். விதி எதுவும் மீறப்படவில்லை. இருபது வீடுகளின் அடுக்களையும் இப்போது முன்னால் இருக்கிறது. பையனின் வெற்றிடமும் மூன்றாம் தளத்தில் அப்படியே இருக்கிறது.

அதற்கான பிளானையும் செக்‌ஷனையும் வரைந்துகொண்டிருக்கிறேன். ஜூரி அடுத்த வாரம். அடுக்களையோடு கழிவறையும் முன்னால் வந்துவிட்டதால், இரண்டின் காற்றுப்போக்கியும் மக்கள் நடக்கும் நடைபாதையில்தான் திறக்கின்றன. நடைபாதையின் அகலம் 1.5 மீட்டர். நீலப் பெட்டிக்குள்ளேயே கூரை வரை ஒரு காற்றுப் புழையை எடுத்துச் சென்றால் உட்பரப்பில் எவ்வளவு போகும், அதைக் குழாய்களோடு சேர்த்தே வைக்கலாமா என்பதை ஜல்லி ஐயா சொன்னால் உதவியாக இருக்கும்.